ஆட்டிசம் ஆராய்ச்சியில் என் மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு குறைவு. தண்ணி, வா, போ என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான். அவன் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் சாவி எப்போதும் கையில் இருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் தெரபி சென்டருக்குப் போகிறோம். போன வாரம் அங்கே ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொல்லி ஒன்பது பக்கத் தாள் கொடுத்தார்கள். பெற்றோருக்கு 12 வாரப் பயிற்சியாம். குலுக்கல் முறையில் பாதிக் குடும்பங்களுக்கு இப்போதே தருவார்கள், மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்து. நானும் அவனும் விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். மரபணு ஆய்வுக்கு அவனுடைய எச்சிலும் எங்கள் இருவரின் ரத்தமும் வேண்டும் என்கிறார்கள். கணவர், "இலவசப் பயிற்சிதானே, சேர்ந்துவிடலாம்" என்கிறார். மாமியார், "பிள்ளையைச் சோதனை எலி ஆக்காதீங்க" என்று அழுகிறார். நாங்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். ரத்தம் எடுத்தால் தப்பு என் பக்கம்தான் என்று வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. தெரபி டீச்சரே கேட்பதால் மறுக்கவும் முடியவில்லை. இதற்கிடையே உறவினர் ஒருவர், வேறொரு ஊரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்கிறது, மூன்று லட்சம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள் என்கிறார். என்ன செய்வது? - வாசகி, திண்டுக்கல்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சம் கட்டாதீர்கள். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று இப்படிக் கட்டிவிட்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெம் செல், அதாவது உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல் பற்றி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதை மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. "அதான் ஆராய்ச்சின்னு சொல்றாங்களே" என்று உறவினர் கேட்பார். முறையாக அனுமதி பெற்ற ஆய்வு என்றால், சோதிக்கப்படும் சிகிச்சைக்குப் பங்கேற்பவர்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். உங்கள் நேரத்தையும் பிள்ளையின் உடம்பையும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அதற்கு மேல் பணமும் கேட்டால், ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் வியாபாரம் அது.

சரி, உங்கள் கையில் இருக்கும் ஒன்பது பக்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது வேறு மாதிரி. என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: தாள்கள் ஒழுங்காக இருந்தால் பயிற்சி ஆய்வில் சேருங்கள். மரபணுப் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நிதானமாக இன்னொரு நாள் முடிவு செய்யுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

முதலில் உங்கள் மாமியார். அவர் அழுவதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பயத்துக்கு நம் நாட்டிலேயே காரணம் இருக்கிறது. 2009இல், அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்றில் ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுமிகளைச் சேர்த்தார்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதி வார்டன்கள் போட்டிருந்தார்கள். தடுப்பூசியில் குறை இல்லை. உலகெங்கும் போடப்படும் ஊசிதான், அதை யாரும் தவிர்க்க வேண்டியதில்லை. குறை அந்தக் கையெழுத்தில். நாடாளுமன்றக் குழு அதை 2013இல் கடுமையாகக் கண்டித்தது. அதே 2013இல், ஆய்வுகள் நெறிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டிகள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வந்தது, 2019இல் மருந்து ஆய்வுகளுக்கு முழுமையான புதிய விதிகள் வந்தன. உங்கள் கையில் ஒன்பது பக்கம் இருப்பதே இப்படிப் பட்ட அடிகளால்தான். முடிந்தால் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடம் உங்களுக்கும் புரியாத இடமாகத்தான் இருக்கும். அதைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போய் ஆய்வாளரிடம் கேளுங்கள்.

அடுத்து உங்கள் கணவர் சொல்வது. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அது இலவச சிகிச்சை அல்ல. ஒரு சிகிச்சை முறை பயன் தரும் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் அதைக் குலுக்கல் போட்டுக் கொடுக்க மாட்டார்கள், எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். தெரியாததால்தான் ஆராய்ச்சி. குலுக்கல் எதற்கு என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

1998இல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற ஜீரண ஹார்மோனை ஏற்றிய மூன்று குழந்தைகளிடம் பேச்சும், கண்ணைப் பார்த்துப் பழகுவதும் மேம்பட்டதாக ஒரு கட்டுரை வந்தது. மூன்றே மூன்று குழந்தைகள். வயிற்றுப் பரிசோதனைக்காகப் போட்ட ஊசி அது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்கு அலைந்தார்கள். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்குச் செக்ரெட்டினும் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரும் ஏற்றிப் பார்த்தார்கள். எதை ஏற்றினார்கள் என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பெண் போட்டவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பக்கத்திலும் முன்னேற்றம் தெரிந்தது! உப்புத் தண்ணீர் ஏற்றிய குழந்தைகளும் மேம்பட்டிருந்தார்கள். குழந்தைகள் வளர்கிறார்கள், நாமும் நம்பிக்கையோடு உற்றுப் பார்க்கிறோம், நல்ல நாட்களை நினைவில் வைத்துக்கொள்கிறோம். அதுதான் அந்த முன்னேற்றம். முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் செக்ரெட்டினில் இன்னும் ஆர்வம் இருக்கிறது என்றார்கள். எனக்கு இந்த எண் மறக்கவே மறக்காது. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

புமெட்டனைட் என்ற மருந்துக்கும் இதே கதைதான். சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. நம்மூரிலும் சிலர் எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கும் மருந்தில்லாப் போலியை எடுத்துக்கொண்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2021இல் அவை நிறுத்தப்பட்டன. அந்த 400 குடும்பங்களும் ஏமாந்துபோனார்கள் என்றா சொல்வது? ஒரு வீண் மருந்திலிருந்து பல்லாயிரம் குழந்தைகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். உங்கள் மகன் உட்பட.

அதனால் உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குலுக்கலில் ஆறு மாதம் காத்திருக்கும் பக்கம் நம் பெயர் விழுந்தாலும் சேருவோமா? "ஆமாம், சேருவோம்" என்று இரண்டு பேருமே சொன்னால் சேருங்கள். "அப்படின்னா எதுக்கு?" என்று அவர் கேட்டால் நீங்கள் தேடுவது சிகிச்சை. அதில் தவறே இல்லை, ஆனால் அதற்கு வழி வேறு. காத்திருக்கும் பக்கம் விழுந்தவர்களும் இடையிடையே வந்து வீடியோவுக்கு உட்கார வேண்டியிருக்கும், அரை நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். பயணச் செலவு தருவார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஆய்வுகளில் அது வழக்கம்தான். இப்போது நடக்கும் ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) எதையும் நிறுத்தச் சொல்கிறார்களா, அந்த ஆறு மாதத்தில் புதிதாக ஏதாவது தொடங்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நான் சேர மாட்டேன்.

பெற்றோர் வழியாகக் குழந்தைக்கு உதவும் பயிற்சி வெற்று யோசனை அல்ல. நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. டாக்டர்களோ பட்டம் பெற்ற தெரபிஸ்ட்களோ இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே செய்தார்கள். செய்தது இதுதான்: அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பது, பிறகு அம்மாவோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பது. "இந்த இடத்துல நிறுத்துங்க. அவன் காரைச் சுத்துறான், நீங்க பந்தைக் காட்டுறீங்க. இங்க நீங்களும் அவனோட காரைப் பார்த்திருந்தா?" அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது மனம் கலங்கும். நம் பதற்றத்தை நாமே திரையில் பார்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. அந்த ஆய்வில் அம்மாக்கள் பிள்ளையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது, குழந்தைகள் தாங்களாகத் தொடர்பு கொள்வதும் கூடியது. அதேசமயம், இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்திருந்தது. எதிர்பாராத அந்த முடிவையும் மறைக்காமல் எழுதினார்கள். நல்ல ஆராய்ச்சிக்கு அடையாளம் அது.

சேரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது பெரிய காரணம். ஆட்டிசத்தை உலகெங்கும் கண்டறியும் முக்கியமான சோதனை ஒன்றில், சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் விளையாட்டு வரும். கேக், மெழுகுவத்தி, ஊதி அணைப்பது. நத்தம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வளரும் குழந்தை கேக்கையே பார்த்திருக்காது. அது ஊதாமல் உட்கார்ந்திருந்தால் கற்பனை விளையாட்டு வரவில்லை என்று எழுதிவிடலாமா? அதே குழந்தை செப்புச் சாமானில் மண்ணைப் போட்டுச் சோறு பொங்கி நமக்கே ஊட்டிவிடும். நமக்கென்று 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோல் 2009இல் உருவானது. உங்கள் மகனின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அநேகமாக அதைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். ஆனாலும் ஆட்டிசம் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைகளைப் பார்த்து அறிந்தது. தமிழில் பேசி, தமிழில் பேசாமலிருந்து, கூட்டுக் குடும்பத்தில் வளரும் குழந்தைகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் யாராவது நம் வீடுகளுக்குள் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது தெரபி டீச்சர். "மறுக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மறுக்க முடியாத இடத்தில் போடும் கையெழுத்துக்கு ஒப்புதல் என்று பெயரில்லை. டீச்சர் நல்லவராக இருக்கலாம், நிச்சயம் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் வாரம் மூன்று நாள் உங்கள் பிள்ளை அவர் கையில் இருக்கும்போது "இல்லை" என்று சொல்ல எந்த அம்மாவுக்கும் வாய் வராது. அதனால்தான் ஆய்வு பற்றி விளக்குவதும் கையெழுத்து வாங்குவதும் சிகிச்சை தருபவர் அல்லாத வேறொருவராக இருப்பது நல்லது என்று நாங்கள் கமிட்டியில் சொல்வோம். நான் ஓர் எதிக்ஸ் கமிட்டியில் உறுப்பினராக இருக்கிறேன், இந்த ஒன்றை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. நீங்கள் டீச்சரிடம் இப்படிக் கேளுங்கள்: "மேடம், இதை ஆராய்ச்சி செய்றவங்ககிட்டயே நேரா பேசிக்கலாமா? நாங்க சேராட்டாலும் இவனோட தெரபி இப்படியேதானே நடக்கும்?" அந்த இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில். சேர்ந்த பிறகு எந்த நாளிலும், காரணமே சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக வழக்கமான தெரபி நிற்கக் கூடாது. இந்த வாக்கியம் அந்த ஒன்பது பக்கத்தில் எங்காவது கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

தாளில் இன்னும் சிலவற்றைத் தேடுங்கள். எதிக்ஸ் கமிட்டியின் பெயரும், அதன் உறுப்பினர் செயலர் அல்லது தலைவரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு நீங்கள் போன் செய்யலாம். யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். குலுக்கல் போட்டுச் சிகிச்சை முறைகளை ஒப்பிடும் ஆய்வு என்பதால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். 2007இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில், 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். என்ன அளக்கப் போகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள் எல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம், பலருக்கும், ஆய்வாளர்கள் சிலருக்குமே தெரியாத ஒன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆறாவது பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவரை எந்த ஆராய்ச்சிக்கும் உட்படுத்த வேண்டுமானால், அவருக்குப் புரியும் வழியில் விளக்கி அவருடைய சுதந்திரமான ஒப்புதலைப் பெற வேண்டும். அதோடு அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆராய்ச்சிக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேருக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய பதிவு பெற்ற சங்கங்களின் உறுப்பினர்களோ இருக்க வேண்டும். ஆட்டிசமும் இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. "ஆறாவது பிரிவுப்படி அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கேளுங்கள். கையெழுத்திட்ட தாளில் ஒரு பிரதியை வாங்கி, பையனின் ஃபைலில் வையுங்கள்.

மரபணுவுக்கு வருகிறேன். "தப்பு என் பக்கம்தான் என்று வந்துவிடுமோ" என்று எழுதியதைப் படித்ததும் மனம் கனத்துப்போனது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். அம்மா பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 60களிலும் மேலை நாடுகளில் பெரிய படிப்பாளிகளே எழுதினார்கள். எத்தனையோ அம்மாக்கள் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். அதை உடைத்ததில் பெரும் பங்கு 1977இல் இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கு உண்டு. மொத்தம் 21 ஜோடி இரட்டையர்கள். அதில் 11 ஜோடி ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், 10 ஜோடி தனித்தனிக் கருவில் உருவானவர்கள். முதல் வகையில் 4 ஜோடிகளில் இரண்டு பேருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரண்டாம் வகையில் ஒரு ஜோடியில்கூட இல்லை. இரண்டு வகையிலும் அம்மா ஒருவர்தான், வீடு ஒன்றுதான், வளர்ப்பும் ஒன்றுதான். அப்படியானால் பழி வளர்ப்பின் மேல் எப்படி விழும்? 21 குடும்பங்கள் கதவைத் திறந்ததால் உலகத்து அம்மாக்களின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

சரி, வளர்ப்பு இல்லை என்றால் ரத்தமா, சொந்தத்தில் கட்டியதா என்று அடுத்த கேள்வி வரும். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் என்று 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மட்டுமே 102 மரபணுக்களைச் சுட்டியது. அவற்றில் காணப்படும் மாற்றங்கள் பல, அப்பாவிடமும் இருப்பதில்லை, அம்மாவிடமும் இருப்பதில்லை. கரு உருவாகும்போது புதிதாக ஏற்படுபவை. மூன்று பேரிடமும் மாதிரி கேட்பது அதற்காகத்தான்: பிள்ளையிடம் உள்ளது பெற்றோரிடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க. சொந்தத்தில் திருமணம் செய்தவர்களுக்குச் சில மரபு நோய்களின் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகனுக்கு ஆட்டிசம் அதனால்தான் வந்தது என்று உங்களைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. அப்படியே ஒரு மாற்றம் உங்களிடமிருந்தோ அவரிடமிருந்தோ போயிருந்தாலும் அது யாரும் செய்த தப்பு இல்லை.

பிறகு ஏன் இதைத் தனியாக யோசிக்கச் சொல்கிறேன்? வீடியோவை அழித்துவிடலாம், பயிற்சியைப் பாதியில் விடலாம். மரபணு விவரம் அப்படி அல்ல. அது அவனுடைய விவரம் மட்டுமல்ல, அவனுக்கு அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்களுடைய விவரமும்தான், நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் அது இருக்கும். மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா? வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? அனுப்புவதென்றால் அதற்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் தனிக் குழு ஒன்று இருக்கிறது, அதன் அனுமதி உண்டா? ஏதாவது முக்கியமாகத் தெரிந்தால் எங்களிடம் சொல்வீர்களா, யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? பெரும்பாலான ஆராய்ச்சிகளில் தனித்தனியாக ரிசல்ட் தர மாட்டார்கள். அதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பின்னால் போன் அடித்து ஏங்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு ஒரு கையெழுத்து, மரபணுவுக்குத் தனிக் கையெழுத்து என்று இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் டிக் அடிக்கச் சொன்னால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

வீடியோவுக்குச் சுருக்கமாக: யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள், கூட்டங்களில் போட்டுக் காட்டுவார்களா என்று கேளுங்கள். போட்டுக் காட்டத் தனி ஒப்புதல் வேண்டும், அதை மறுத்துவிட்டு மற்றதற்குச் சம்மதிக்கலாம். யாருடைய சொந்த போனிலும் எடுக்கக் கூடாது. அது வாட்ஸ்அப்பில் போய்விட்டால் பிறகு திரும்ப வாங்க முடியாது.

இவ்வளவும் பெரியவர்களின் பேச்சு. உங்கள் மகன் என்ன சொல்கிறான்? நம் நெறிமுறைகளில் ஏழு வயதிலிருந்துதான் குழந்தையின் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். உங்கள் மகனுக்கு ஆறு, வாய்மொழியும் குறைவு. அதனால் அவனைக் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது. ஐந்து வயதுப் பையன். தலையில் வயர்கள் பொருத்திய தொப்பி ஒன்றைப் போட்டு மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். வலிக்காது, ஆனால் பிசுபிசுவென்று ஜெல் தடவுவார்கள். முதல் தடவை தொப்பியைக் கையால் தள்ளினான். அவன் அம்மா, "ரெண்டு நிமிஷம்தான்டா தங்கம்" என்றார். நானும் ஒரு பிஸ்கட்டைக் காட்டினேன். இரண்டாம் தடவை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். எங்களுக்கு அன்று அந்தப் பதிவு தேவைப்பட்டது, அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். மூன்றாம் தடவை முயன்றபோது அவன் எழுந்து போய், கதவுக்கு வெளியே கழற்றிவிட்டிருந்த அம்மாவின் செருப்பை எடுத்து வந்து, ஒன்று, இரண்டு என்று ஜோடியாக அவர் காலடியில் வைத்தான். அழவில்லை, கத்தவில்லை. அறையில் யாரும் பேசவில்லை. பேச்சே வராத குழந்தை என்று ஃபைலில் எழுதியிருந்தோம். அதைவிடத் தெளிவாக யார் "வேண்டாம்" என்று சொல்ல முடியும்? முதல் தடவை தள்ளியபோதே நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு அவனை அனுப்பிவிட்டோம், அந்தப் பதிவு எடுக்கப்படவே இல்லை. அதற்குப் பிறகு என் கண்ணில் படும் எந்த ஆய்வுத் திட்டத்திலும், இந்தக் குழந்தை வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வான், யார் அதைக் கவனிப்பார்கள், எத்தனையாவது தடவையில் நிறுத்துவீர்கள் என்று கேட்காமல் விடுவதில்லை.

நீங்களும் கேளுங்கள். உங்கள் மகனின் "வேண்டாம்" எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். முகத்தைத் திருப்புவானா, காதைப் பொத்துவானா, 'போ' என்பானா? அதை ஒரு தாளில் எழுதி ஆய்வாளரிடம் கொடுங்கள். முதல் நாளுக்கு முன் அந்த அறையை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். கேமரா எங்கே இருக்கும், யார் இருப்பார்கள் என்று போட்டோ எடுத்து வந்து வீட்டில் நான்கைந்து நாள் அவனுக்குக் காட்டுங்கள். எச்சில் மாதிரி தருவது என்று முடிவு செய்தால், அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பார்கள். குழாயில் துப்பத் தெரியாத குழந்தைகளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் ஒற்றி எடுக்கும் சிறிய பஞ்சு இருக்கிறது, அதைக் கேளுங்கள். அவன் பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் நேரத்தை ஒதுக்கினால் வேறு நேரம் கேளுங்கள்.

ஸ்கூட்டர் சாவியைக் கையோடு எடுத்துப் போங்கள். வீடியோ எடுக்கும்போது சத்தம் வருகிறது, அதை வாங்கி மேசையில் வையுங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். "வேண்டாம், அது அவன் கையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்